சி நிரல்களில் சாக்கெட் ஆப்ஷன்களைச் சோதிப்பதும் எழுதி வைப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சி-யில் நெட்வொர்க் நிரல் எழுதுகிறவர்கள் செட்சாக்ஆப்ட் வரியை, அதாவது நெட்வொர்க் இணைப்பின் முனையான சாக்கெட்டின் நடத்தையை மாற்றும் ஆப்ஷன்களை அமைக்கும் அழைப்பை, எங்கிருந்தாவது எடுத்து ஒட்டிவிட்டு அப்படியே நகர்ந்துவிடுகிறார்கள். அந்த வரி உண்மையில் என்ன செய்தது என்று யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பக்கம். இங்கே சொல்வது பெரும்பாலும் லினக்ஸுக்கானது. ஃப்ரீபிஎஸ்டி, மேக், விண்டோஸ் ஆகியவற்றில் வேறு மாதிரி நடக்கும் இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

செட்சாக்ஆப்ட் 0 திருப்பினால் ஆப்ஷன் அமைந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

இல்லை. கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) உங்கள் கோரிக்கையை மறுக்கவில்லை என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். கேட்ட மதிப்பை அப்படியே வைத்ததா, குறைத்து வைத்ததா, வேறு அலகுக்கு மாற்றி வைத்ததா என்று அந்த 0 சொல்லாது. அதனால் எந்த ஆப்ஷனையும் மூன்று தடவை பார்க்க வேண்டும். முதலில் அழைப்பு என்ன திருப்பியது, அடுத்து கெட்சாக்ஆப்ட் மூலம் திரும்பப் படித்தால் என்ன மதிப்பு வருகிறது, கடைசியாக கம்பியில் போகும் பாக்கெட்டுகளோ ரீட், ரைட் அழைப்புகளோ உண்மையிலேயே மாறியிருக்கின்றனவா. பெரும்பாலான டெஸ்டுகள் முதல் படியிலேயே நின்றுவிடும், சில இரண்டாவது வரை போகும், மூன்றாவதைத் தொடுகிறவர்கள் குறைவு. ஆனால் உங்கள் பயனருக்குத் தெரியப்போவது மூன்றாவது மட்டும்தான்.

எஸ்ஓ_ஆர்சிவிபஃப்-க்கு ஒரு மதிப்பு கொடுத்தேன், திரும்பப் படித்தால் இரண்டு மடங்கு வருகிறது. இது பக் தானா?

பக் இல்லை, லினக்ஸ் வேண்டுமென்றே செய்வது. இந்த ஆப்ஷன் வரும் தரவைத் தேக்கிவைக்கும் பஃபரின் அளவைக் குறிக்கும். தன் சொந்தக் கணக்கு வழக்குக்கும் இடம் வேண்டும் என்பதால் கெர்னல் நீங்கள் கொடுத்த எண்ணை இரட்டிப்பாக்கி வைத்துக்கொள்கிறது, கெட்சாக்ஆப்ட் அந்த இரட்டிப்பான எண்ணைத்தான் தரும். 65536 கேட்டால் 131072 வரும். ஃப்ரீபிஎஸ்டியில் இந்த இரட்டிப்பு கிடையாது.

இதைவிட முக்கியமானது உச்ச வரம்பு. ப்ராக் கோப்பு முறையில் (கெர்னல் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) சிஸ், நெட், கோர் என்று போனால் ஆர்மெம்_மேக்ஸ் என்று ஒரு மதிப்பு இருக்கும். பல கணினிகளில் அது 212992. நீங்கள் 1 மெகாபைட், அதாவது 1048576 கேட்டால், லினக்ஸ் எந்தப் பிழையும் சொல்லாமல் 212992-க்கு வெட்டி, அதை இரட்டிப்பாக்கி 425984 என்று வைத்துக்கொள்ளும். அழைப்பு திருப்புவது 0. லாகில் “பஃபர் 1 எம்பி ஆக அமைக்கப்பட்டது” என்று நிரல் பெருமையாக எழுதும், நிஜத்தில் பாதிகூட இருக்காது. ஃப்ரீபிஎஸ்டி இந்த இடத்தில் நேர்மையாக நடந்துகொள்கிறது: வரம்பைத் தாண்டினால் ஈநோபஃப்ஸ் பிழை கொடுத்துவிடும். லினக்ஸில் வரம்பைத் தாண்டியே ஆக வேண்டும் என்றால் எஸ்ஓ_ஆர்சிவிபஃப்ஃபோர்ஸ் இருக்கிறது, அதற்கு கேப்_நெட்_அட்மின் உரிமை வேண்டும்.

டெஸ்டில் “கேட்டதும் வந்ததும் சமம்” என்று எழுதினால் லினக்ஸில் எப்போதுமே விழும், “வந்தது கேட்டதின் இரு மடங்கு” என்று எழுதினால் வரம்பு குறைந்த கணினியில் விழும். கேட்ட மதிப்பு வரம்புக்குள் இருக்கிறதா என்று முதலில் படித்துப் பார்த்து, இருந்தால் “வந்தது கேட்டதற்குக் குறையாமல் இருக்க வேண்டும்” என்று சோதிப்பதுதான் எல்லா இடத்திலும் நிற்கும்.

இன்னொரு விஷயம். டிசிபியில் இந்த ஆப்ஷனைக் கையால் அமைத்த கணமே அந்த சாக்கெட்டுக்குக் கெர்னல் தானாகப் பஃபரைக் கூட்டிக் குறைக்கும் வேலை நின்றுவிடும். வேகம் கூடும் என்று நினைத்து அமைத்த வரியால் வேகம் குறைவது இப்படித்தான். காரணம் சொல்லத் தெரியாவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து.

1 என்று அமைத்தேன், மேக்கில் படித்தால் 4 வருகிறது. ஏன்?

பழைய முகவரியையும் போர்ட்டையும் மறுபடி பிடிக்க விடும் எஸ்ஓ_ரீயூஸ்அட்ர் தானே? பிஎஸ்டி வழி வந்த கெர்னல்கள் ஆன், ஆஃப் ஆப்ஷன்களைப் பிட்டுகளாக வைத்திருக்கின்றன, படிக்கும்போது அந்தப் பிட்டையே தூக்கிக் கொடுத்துவிடும். அதன் பிட் 4, எஸ்ஓ_கீப்அலைவ் என்றால் 8. லினக்ஸ் 0 அல்லது 1 தரும். அதனால் “மதிப்பு 1-க்குச் சமமா” என்று ஒருபோதும் சோதிக்காதீர்கள், “0 இல்லாமல் இருக்கிறதா” என்று சோதியுங்கள்.

கெட்சாக்ஆப்டின் நீளம் வாங்கும் கடைசி ஆர்கியுமெண்டில் என்ன கவனிக்க வேண்டும்?

அது உள்ளே போவதும் வெளியே வருவதுமான மாறி. அழைப்பதற்கு முன் உங்கள் பஃபரின் அளவை அதில் வைக்க வேண்டும், திரும்பும்போது கெர்னல் உண்மையில் எழுதிய பைட் எண்ணிக்கை அதில் இருக்கும். ஆரம்ப மதிப்பு கொடுக்காமல் விட்டால் ஸ்டாக்கில் கிடந்த குப்பை உள்ளே போகும். அது பெரிய நேர்ம எண்ணாக இருந்தால் எல்லாம் சரியாக ஓடுகிற மாதிரி தெரியும், எதிர்ம எண்ணாக இருந்தால் ஈஇன்வால் (தவறான ஆர்கியுமெண்ட் என்ற பிழை) வரும். கம்பைலர் ஆப்டிமைசேஷன் மாறும்போது மட்டும் தலைகாட்டும் பிழை இது.

நீளத்தைக் குறைத்துக் கொடுத்தால் செட்சாக்ஆப்டும் கெட்சாக்ஆப்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. லினக்ஸில் இன்ட் எதிர்பார்க்கும் ஆப்ஷனுக்கு 1 பைட் நீளம் கொடுத்து அமைக்கப் போனால் ஈஇன்வால். அதே 1 பைட் நீளத்தோடு எஸ்ஓ_ என்று தொடங்கும் சாக்கெட் மட்ட ஆப்ஷனைப் படிக்கப் போனால் ஒரு பைட்டை மட்டும் எழுதிவிட்டு வெற்றி என்று திரும்பிவிடும். இதைப் பிடிக்க எளிய வழி, படிப்பதற்கு முன் பஃபர் முழுவதையும் ஏதாவது ஒரு அடையாள பைட்டால் நிரப்பிவிட்டு, பின்னால் எத்தனை பைட் மாறியிருக்கிறது, அது திரும்பிய நீளத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது.

வகையும் முக்கியம். எஸ்ஓ_லிங்கருக்கு ஸ்ட்ரக்ட் லிங்கர் வேண்டும், வெறும் இன்ட் கொடுத்தால் ஈஇன்வால். ஐபி_மல்டிகாஸ்ட்_டிடிஎல்-க்கு லினக்ஸ் ஒரு பைட்டையும் ஏற்கும், இன்ட்டையும் ஏற்கும், ஆனால் ஓபன்பிஎஸ்டி ஒரு பைட்தான் கேட்கும். ரீட் காத்திருக்கும் நேரத்தை வைக்கும் எஸ்ஓ_ஆர்சிவிடைமியோ யுனிக்ஸ் பக்கம் ஸ்ட்ரக்ட் டைம்வால், விண்டோஸில் மில்லிசெகண்டில் ஒரு டிவேர்ட் (32 பிட் எண்).

எஸ்ஓ_ரீயூஸ்அட்ர் போட்டும் பைண்ட் செய்ய முடியவில்லை. என்ன செய்வது?

முதலில் வரிசை. பைண்டுக்கு, அதாவது சாக்கெட்டை ஒரு போர்ட்டோடு கட்டும் அழைப்புக்கு, முன் அமைத்தீர்களா? பின்னால் அமைத்தாலும் 0 திரும்பும், பயன் எதுவும் இருக்காது.

அது சரியாக இருந்தால், பழைய சாக்கெட் இன்னும் லிசன் நிலையில் இருக்கிறதா என்று சாக்கெட்டுகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையில் பாருங்கள். லினக்ஸில் இந்த ஆப்ஷன் உதவுவது டைம்_வெய்ட் நிலையில் (மூடியபின்னும் கெர்னல் சிறிது நேரம் விடாமல் வைத்திருப்பது) கிடக்கும் பழைய இணைப்புகளுக்குத்தான், அது 60 விநாடி நீடிக்கும். வேறொரு நிரல் அந்தப் போர்ட்டில் உயிரோடு கேட்டுக்கொண்டிருந்தால் வருவது ஈஅட்ர்இன்யூஸ் (முகவரி பயன்பாட்டில் இருக்கிறது என்ற பிழை) தான்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அனுபவம் உள்ளவர்களும் இதில் தடுக்கி விழுவார்கள். லினக்ஸில் மோதும் இரண்டு பக்கமும் இந்த ஆப்ஷனை வைத்திருக்க வேண்டும். டைம்_வெய்ட்டில் கிடக்கும் இணைப்பு, தான் பிறந்த சாக்கெட்டில் ஆப்ஷன் இருந்ததா என்று நினைவில் வைத்திருக்கும். பழைய சர்வர் ஆப்ஷன் இல்லாமல் ஓடி நின்றது, நீங்கள் ஆப்ஷனைச் சேர்த்துப் புதிதாகக் கம்பைல் செய்து உடனே ஓட்டுகிறீர்கள் என்றால் முதல் தடவை தோற்கத்தான் செய்யும். “ஆப்ஷன் வேலை செய்யவில்லை” என்று முடிவுகட்டி வரியை அழித்துவிடாதீர்கள்.

டெஸ்டாக எழுதும்போது, டைம்_வெய்ட் யார் முதலில் இணைப்பை மூடுகிறார்களோ அவர்கள் பக்கம்தான் வரும் என்பதை மறக்க வேண்டாம். கிளையண்ட் முதலில் மூடினால் சர்வர் போர்ட்டில் எதுவும் தங்காது, ஆப்ஷன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் டெஸ்ட் பாஸ் ஆகிவிடும். சர்வர் முதலில் மூட வேண்டும், அப்புறம் ஆப்ஷன் இல்லாமல் பைண்ட் தோற்கிறது என்பதையும் ஆப்ஷனோடு ஜெயிக்கிறது என்பதையும் இரண்டு தனிச் சோதனைகளாகக் காட்ட வேண்டும். தோற்க வேண்டிய இடத்தில் தோற்கிறது என்று காட்டாத சோதனையை நான் சோதனையாகவே எண்ணுவதில்லை.

விண்டோஸில் இதே பெயர் வேறு பொருள் தருகிறது: உயிரோடு இருக்கும் சர்வரின் போர்ட்டையே இன்னொரு நிரல் பிடித்துக்கொள்ள அது வழிவிடும். அதைத் தடுக்கத்தான் அங்கே எஸ்ஓ_எக்ஸ்க்ளூசிவ்அட்ர்யூஸ் இருக்கிறது. யுனிக்ஸ் கோடை விண்டோஸுக்கு எடுத்துப் போகும்போது இந்த ஒரு வரியை அப்படியே விட்டால் பாதுகாப்பு ஓட்டை.

எஸ்ஓ_ரீயூஸ்போர்ட் இதன் தம்பியா?

பெயர்தான் அப்படி. லினக்ஸ் 3.9-இல் வந்தது. ஒரே போர்ட்டில் பல சாக்கெட்டுகள் லிசன் செய்யலாம், வரும் இணைப்புகளைக் கெர்னல் அவற்றுக்கிடையே பகிர்ந்து கொடுக்கும். முதல் சாக்கெட் உட்பட எல்லாவற்றிலும் பைண்டுக்கு முன் அமைந்திருக்க வேண்டும், எல்லாம் ஒரே பயனர் அடையாளத்தில் ஓட வேண்டும். ஃப்ரீபிஎஸ்டியில் பகிர்ந்து கொடுக்கும் வேலைக்கு எஸ்ஓ_ரீயூஸ்போர்ட்_எல்பி என்று தனியாக ஒன்று இருக்கிறது.

டைம்அவுட்டை அமைத்தால் திரும்பப் படிக்கும்போது எண் மாறுகிறதே?

லினக்ஸ் அதைக் கெர்னலின் டிக் எண்ணிக்கைக்கு மாற்றி வைக்கிறது, மேல்நோக்கி முழுமையாக்கி. ஒரு விநாடிக்கு 250 டிக் உள்ள கெர்னலில் 1 மைக்ரோசெகண்ட் கேட்டால் 4000 மைக்ரோசெகண்ட் திரும்ப வரும். மைக்ரோசெகண்ட் புலத்தில் 10 லட்சமோ அதற்கு மேலோ கொடுத்தால் ஈடாம் என்ற அபூர்வமான பிழை வரும். 1500 மில்லிசெகண்டை விநாடி, மைக்ரோசெகண்ட் என்று பிரிக்காமல் அப்படியே ஒரே புலத்தில் போட்டவர்கள் அதைச் சந்திப்பார்கள்.

நேரம் தீர்ந்தால் ரீட் கொடுப்பது ஈஅகெய்ன் (மறுபடி முயல் என்ற பிழை), ஈடைம்ட்அவுட் இல்லை. அனுப்பும் பக்கத்து நேர வரம்பான எஸ்ஓ_எஸ்என்டிடைமியோ கனெக்ட்டையும் கட்டுப்படுத்தும், அப்போது வருவது ஈஇன்ப்ராக்ரஸ். செலக்ட், போல், ஈபோல் மூன்றுக்கும் இந்த டைம்அவுட்டுகளோடு சம்பந்தமே இல்லை. நேரத்தை அளக்கும் டெஸ்டில் கீழ் வரம்பைக் கறாராகவும் மேல் வரம்பைத் தாராளமாகவும் வையுங்கள், ஏனென்றால் சுமை ஏறிய கணினியில் எழுப்புதல் தாமதமாகலாம், ஆனால் சீக்கிரம் எழக் கூடாது.

இப்படி அலகு மாற்றும் ஆப்ஷன் இது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். தரவு வரும் வரை புது இணைப்பை நிரலிடம் கொடுக்காமல் வைத்திருக்கும் டிசிபி_டிஃபர்_அக்செப்ட்-க்கு 5 விநாடி கொடுத்துப் படித்தால் 7 வரும். கெர்னல் அதை மறுஅனுப்பல் எண்ணிக்கையாக மாற்றி வைக்கிறது, அந்த ஏணி 1, 3, 7, 15 என்று போகும், 5-க்கு அடுத்த படி 7.

கீப்அலைவைச் சோதிக்க 2 மணி நேரம் காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். சும்மா கிடக்கும் இணைப்பின் எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று கெர்னல் ப்ரோப் என்ற சோதனைப் பாக்கெட் அனுப்பிப் பார்ப்பதுதான் கீப்அலைவ். இயல்பு மதிப்புகள் 7200 விநாடி சும்மா இருப்பு, பிறகு 75 விநாடிக்கு ஒன்றாக 9 ப்ரோப், ஆக மொத்தம் 2 மணி 11 நிமிடம் 15 விநாடி. டிசிபி_கீப்ஐடில், டிசிபி_கீப்இன்டிவிஎல், டிசிபி_கீப்சிஎன்டி மூன்றையும் 2, 1, 3 என்று வைத்தால் 5 விநாடியை ஒட்டி ரீட் ஈடைம்ட்அவுட் கொடுக்க வேண்டும். மேக்கில் முதலாவதற்குப் பெயர் டிசிபி_கீப்அலைவ்.

எதிர்ப்பக்கத்தை எப்படிச் சாகடிப்பது என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். எதிர் நிரலை கில் -9 கட்டளையால் உடனே கொன்றால் அந்தப் பக்கத்துக் கெர்னல் ஒழுங்காக ஃபின் (இயல்பான மூடல்) அல்லது ஆர்எஸ்டி (உடனடித் துண்டிப்பு) பாக்கெட் அனுப்பிவிடும், கீப்அலைவுக்கு வேலையே வராது. நிறுத்தி வைத்தாலும் கெர்னல் ப்ரோப்புக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் பதில் சொல்வது நிரல் இல்லை. பாக்கெட்டுகளை நடுவில் விழுங்க வேண்டும். இரண்டு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ்களை (ஒரே கணினிக்குள் தனித்தனி நெட்வொர்க் சூழல்கள்) ஒரு வெத் ஜோடியால், அதாவது மெய்நிகர் கம்பியால், இணைத்து, டிசி கட்டளையில் தாமதத்தையும் இழப்பையும் உண்டாக்கும் நெட்எம் மூலம் 100 சதவீத இழப்பு வையுங்கள். அதே நேரம் எஸ்எஸ் கட்டளையை டைமர் காட்டும் தேர்வோடு ஓட்டினால் கீப்அலைவ் டைமர் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

அனுப்பிய தரவுக்கு இன்னும் ஏக் (கிடைத்தது என்ற ஒப்புகை) வராமல் இருக்கும்போது கீப்அலைவ் தலையிடாது, மறுஅனுப்பல்தான் நடக்கும். அங்கே வேண்டியது டிசிபி_யூசர்_டைம்அவுட், லினக்ஸ் 2.6.37 முதல் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும், தனித்தனியாக எழுதி வைக்கவும் வேண்டும்.

டிசிபி_நோடிலே வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

இந்த ஆப்ஷன் அணைப்பது நேகல் வழிமுறையை. அது 1984-இல் ஆர்எஃப்சி 896-இல் வந்தது. ஏக் வராத தரவு வெளியே இருக்கும்போது அடுத்த சிறிய துண்டை அனுப்பாமல் பிடித்து வைக்கும். எதிர்ப்பக்கம் தாமத ஏக் முறையில் காத்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். லினக்ஸில் அந்தத் தாமதம் குறைந்தது 40 மில்லிசெகண்ட். இதை வரவழைக்க ரைட், ரைட், ரீட் என்ற வரிசை வேண்டும்: தலைப்பை ஒரு ரைட்டில், உடலை இன்னொரு ரைட்டில் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது. ரைட், ரீட், ரைட், ரீட் என்று எழுதினால் நேகல் தெரியவே தெரியாது.

ஒரே ஒரு சுற்று ஓட்டி முடிவு சொல்லாதீர்கள். இணைப்பின் தொடக்கத்தில் லினக்ஸ் உடனடி ஏக் அனுப்பும், தாமதம் பிற்பாடுதான் வரும். சில நூறு சுற்று ஓட்டி, நடு மதிப்பை ஆப்ஷன் உள்ளபோதும் இல்லாதபோதும் ஒப்பிடுங்கள். உடனடி ஏக் கேட்கும் டிசிபி_குவிக்ஏக்கை இதற்குத் துணையாக நம்ப வேண்டாம், அது நிரந்தரமாக ஒட்டாது, கெர்னல் தானாகவே மாற்றிக்கொள்ளும்.

லிங்கரை ஆன் செய்து நேரத்தை 0 ஆக வைத்தால்?

குளோஸ் செய்யும்போது மீதித் தரவு போக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதுதான் லிங்கர். 0 என்றால், குளோஸ் செய்ததும் ஃபின்னுக்குப் பதில் ஆர்எஸ்டி போகும், அனுப்பாத தரவு தொலையும், எதிர்ப்பக்கம் ரீட் ஈகனெக்ரீசெட் பெறும். பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பில் ஆர் கொடி தெரிய வேண்டும். ஃபோர்க் செய்த நிரலில் குழந்தை அந்த டிஸ்கிரிப்டரைப் பிடித்திருந்தால் உங்கள் குளோஸில் எதுவும் நடக்காது, கடைசிப் பிடி விடும்போதுதான் நடக்கும். டைம்_வெய்ட்டைத் தவிர்க்க இந்தக் குறுக்கு வழியைப் பரிந்துரைக்கிறவர்கள் உண்டு. நான் ஏற்கமாட்டேன், தரவு தொலைவது சின்ன விஷயமில்லை.

பிழைக் குறியீடுகளையும் சோதிக்க வேண்டுமா?

கண்டிப்பாக. தெரியாத ஆப்ஷனுக்கு ஈநோப்ரோட்டோஆப்ட். டிசிபி மட்ட ஆப்ஷனை யூடிபி சாக்கெட்டில் வைத்தாலும் லினக்ஸில் அதுவே. எஸ்ஓ_டைப், எஸ்ஓ_எரர் போல படிக்க மட்டுமான ஆப்ஷன்களை அமைக்கப் போனாலும் அதுவே. கோப்பு டிஸ்கிரிப்டரைக் கொடுத்தால் ஈநாட்சாக். பெயரால் ஒப்பிடுங்கள், எண்ணால் வேண்டாம்: ஈநோப்ரோட்டோஆப்ட் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் 92, மேக்கில் 42. எஸ்ஓ_எரரை ஒரு தடவை படித்தால் அழிந்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். டீபக் வரி ஒன்று அதைப் படித்துவிட்டால் நிஜ நிரலுக்கு 0தான் மிஞ்சும்.

அக்செப்ட் தரும் சாக்கெட்டுக்கு லிசன் சாக்கெட்டின் ஆப்ஷன்கள் வருமா?

லினக்ஸில் கீப்அலைவ், லிங்கர், நோடிலே, பஃபர் அளவுகள் வரும். ஓ_நான்பிளாக் (காத்திருக்காமல் உடனே திரும்பும் முறை) லினக்ஸில் வராது, பிஎஸ்டியில் வரும். பஃபர் அளவை லிசனுக்கு முன்பே அமைப்பது நல்லது, ஏனென்றால் விண்டோ ஸ்கேல் (பெறும் விண்டோ எவ்வளவு பெரிதாகலாம் என்பது) இணைப்பைத் தொடங்கும் சின் பாக்கெட்டிலேயே பேசி முடிக்கப்படுகிறது, அப்புறம் மாற்ற வழியில்லை.

லூப்பேக்கில் சோதித்தால் போதாதா?

லூப்பேக் என்பது கணினி தனக்குத்தானே பேசும் இடைமுகம். பிழைக் குறியீடு, திரும்பப் படித்தல், பைண்ட் விதிகள் இவற்றுக்குப் போதும். காலமும் பாக்கெட் அளவும் சம்பந்தப்பட்டவற்றுக்குப் போதாது. லூப்பேக்கின் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 65536, ஈதர்நெட்டில் 1500. ஒரு முழு ஈதர்நெட் பாக்கெட்டுக்கு மேல் போகும் தரவு, லூப்பேக்கில் “சிறிய துண்டு” ஆகிவிடுவதால் நேகல் சோதனையே வேறு முடிவு தரும். வெத் ஜோடி, நெட்எம் தாமதம், இரண்டு நேம்ஸ்பேஸ் இருந்தால் ஒரே கணினியில் நிஜத்துக்கு நெருக்கமான சூழல் கிடைக்கும். அன்ஷேர் கட்டளையால் பயனர் நேம்ஸ்பேஸோடு சேர்த்து உருவாக்கினால், அதை அனுமதிக்கும் கணினிகளில் ரூட் உரிமையும் வேண்டாம். புது நேம்ஸ்பேஸில் லூப்பேக் அணைந்தே இருக்கும், அதை ஏற்றிவிட வேண்டும். பாக்கெட் வரிசையைத் துல்லியமாக எழுதிச் சோதிக்க கூகுள் வெளியிட்ட பாக்கெட்ட்ரில் அருமையான கருவி.

பிறர் எழுதிய நிரல் எந்த ஆப்ஷனை எப்போது அமைக்கிறது என்று அறிய, நிரல் கெர்னலை அழைப்பதைக் காட்டும் எஸ்ட்ரேஸ் ஒன்றே போதும், செட்சாக்ஆப்ட் அழைப்புகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள்.

மேன் பக்கம் இருக்கும்போது நாம் ஏன் தனியாக எழுத வேண்டும்?

மேன் பக்கத்தை (கணினியோடு வரும் கையேடு) மதிக்கிறேன், முதலில் படிக்க வேண்டியதும் அதுதான். ஆனால் கெர்னல் நகர்ந்துவிடுகிறது. சாக்கெட் மேன் பக்கம் ரிசீவ் பஃபரின் குறைந்தபட்சம், இரட்டிப்புக்குப் பின், 256 என்று நெடுநாள் சொல்லிவந்தது. 64 பிட் லினக்ஸில் 1 என்று அமைத்துப் படித்தால் 2304 வருகிறது, சென்ட் பஃபருக்கு 2048-க்குப் பதில் 4608. உங்கள் நிரல் எதை நம்பியிருக்கிறது என்பது மேன் பக்கம் எழுதியவருக்குத் தெரியாது, அது உங்கள் குறிப்பில்தான் இருக்க முடியும்.

சரி, குறிப்பில் என்னென்ன எழுதுவது?

ஆப்ஷன் ஏன் வைக்கப்பட்டது என்பதை முதல் வாக்கியமாக எழுதுங்கள், நாளை அதை நீக்கலாமா என்று யோசிக்கிறவருக்கு வேறு எதுவும் இவ்வளவு உதவாது. பிறகு எந்த வகை சாக்கெட்டில், எந்த நிலையில், அதாவது பைண்டுக்கு முன்பா கனெக்ட்டுக்குப் பின்பா அமைக்கிறோம், கொடுத்த மதிப்பு, அதன் சி வகை, அலகு, படித்தபோது வந்தது, பார்த்த நடத்தை. கெர்னல் பதிப்பு, கணினியின் கட்டமைப்பு, சம்பந்தப்பட்ட சிஸ்கன்ட்ரோல் மதிப்புகள் (ஆர்மெம்_மேக்ஸ் போன்ற கெர்னல் அமைப்புகள்) ஆகியவை இல்லாமல் எழுதிய எண்ணுக்கு மதிப்பில்லை. உதாரணமாக, ஐபிவி6 சாக்கெட் ஐபிவி4-ஐ ஏற்காமல் செய்யும் ஐபிவி6_வி6ஒன்லி பற்றி “இயல்பாக அணைந்திருக்கும்” என்று மட்டும் எழுதினால் அது லினக்ஸில் உண்மை, எல்லா இடத்திலும் இல்லை. விண்டோஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் இயல்பாக ஆன், ஓபன்பிஎஸ்டியில் எப்போதும் ஆன், மாற்றவே முடியாது.

எது வாக்குறுதி, எது இன்று அப்படி நடப்பது என்று பிரித்துக் காட்டுங்கள். “ஆப்ஷன் அமைந்தால் 0 அல்லாத மதிப்பு வரும்” என்பதை நம்பலாம், டெஸ்டாகவும் எழுதலாம். “425984 வந்தது” என்பது ஒரு கணினியில் ஒரு நாள் பார்த்தது, அதை டெஸ்டில் போடாமல் குறிப்பில் தேதியோடு வையுங்கள். ஒவ்வொரு குறிப்புக்குப் பக்கத்திலும் அதை நிரூபிக்கும் டெஸ்ட் கோப்பின் பெயர் இருந்தால், கெர்னல் மாறியபின் யாராவது அதை ஓட்டிப் பார்த்துத் திருத்த முடியும்.